ராணி பார்த்த குங்ஃபூ படம்

மை காயாத அச்சுத்தாளுக்கு ஒரு வாசனை உண்டு. மண்ணெண்ணெயும் புளித்த பசையும் கலந்தாற்போல மூக்கில் ஏறி, கொஞ்ச நேரத்தில் தலையைக் கிறுகிறுக்கச் செய்யும். நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் சிவகாசியில் எங்கள் தெருப் பிள்ளைகளின் புத்தகங்கள் எல்லாவற்றிலும் அந்த வாசனைதான் அடித்தது. இரண்டு வீடு தள்ளியிருந்த ராணியின் அப்பா ஆப்செட் அச்சகத்தில் மெஷினில் நின்றார். நிறம் விலகிப்போன தாள்களை 'வேஸ்ட் ஷீட்' என்று கட்டாகக் கொண்டுவந்து தெருவுக்கே கொடுப்பார். அடுத்த வகுப்புக்கென்று வாங்கிய பழைய புத்தகங்களுக்கு நாங்கள் அதில்தான் அட்டை போடுவோம். அந்த வருஷம் வந்த கட்டு முழுக்க ஒரே சினிமா சுவரொட்டி. பாதி முகத்தைச் சிவப்புத் துணியால் மறைத்த ஒரு பையன் ஒற்றைக் காலைத் தூக்கி நிற்பான்; பின்னால் வெள்ளைத் தாடிக் கிழவர், கீழே கன்னத்தில் தழும்போடு ஒரு தடியன். நிறம் விலகியிருந்ததால் மூவருக்கும் இரண்டிரண்டு மூக்கு.

படத்தின் பெயரை நாங்கள் யாரும் சொன்னதில்லை. 'குங்ஃபூ படம்' என்றால் எல்லோருக்கும் தெரியும். அது விருதுநகரில் சில நாள் ஓடி, எங்கள் கண்ணில் படாமலே போய்விட்டது. சிவகாசிக்கு வந்திருந்தாலும் எங்கள் வீட்டில் விட்டிருக்க மாட்டார்கள். அப்பா பள்ளி ஆசிரியர், திருச்சபையில் மூப்பர் வேறு. "அந்த இருட்டுக்குள்ள போயி என்னத்தப் பாக்கப் போறீக?" என்பதோடு சினிமாப் பேச்சை முடித்துவிடுவார். என் அண்ணன் சாமு எட்டாவது முடித்திருந்தான். அந்தச் சுவரொட்டியைப் பார்த்துப் பார்த்தே நிலைக்கதவை உதைத்துப் பழகினான். அவனுக்கு அந்தப் பையன் யார், எதற்காகக் காலைத் தூக்குகிறான் என்று தெரிந்தே ஆகவேண்டும். இப்படி அவன் புலம்பிக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் ராணி அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள்.

"நான் பாத்துட்டேன். விருதுநகர்ல எங்க மாமா கூட்டிட்டுப் போனாக."

என் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, டீச்சர் கேட்டாலொழிய வாயே திறக்காதவள் அவள். அன்றிலிருந்து எங்கள் எல்லோருடைய பகலும் அவள் கையில் இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு சண்டை வரைக்கும்தான் சொல்வாள். அப்பாவை அடித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போன தடியனைத் தேடி அந்தப் பையன் மலையேறுகிறான். மலைமேல் இருக்கிற கிழவர் சண்டை சொல்லித்தராமல், மாதக்கணக்கில் அவனை வெறும் காகிதத்தை உருட்டச் சொல்கிறார். உருட்டி உருட்டி அவன் விரலுக்கு வந்த வேகத்தில் பறக்கிற ஈயை இரண்டு விரலால் பிடிக்கிறான். "ஏன் மூஞ்சிய மறச்சிருக்கான்?" என்று எதிர்வீட்டு முருகேசன் தினமும் கேட்பான். ராணியும் தினமும், "அது கடைசிலதான் தெரியும்" என்பாள்.

சாமுவால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "காலு கையெல்லாம் துறுதுறுங்குது. நாமளே அந்தப் படத்த எடுத்துருவோம்" என்றான். கேமரா எல்லாம் ஏது! அச்சகத்துக்குப் பின்னால் கருவேல முள் மண்டிய காலி நிலத்தில், அவள் சொல்லச் சொல்ல நாங்கள் நடிப்பதுதான் படம். அம்மாவின் பழைய சேலையிலிருந்து கிழித்த சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு சாமு கதாநாயகன் ஆனான். முருகேசன் கன்னத்தில் சிவப்பு மையால் தழும்பு வரைந்துகொண்டான். எனக்கும் உதைக்கத் தெரியும், ஆனால் பெண்பிள்ளைக்கு என்ன 'பைட்டு' என்று சொல்லித் தலையணைப் பஞ்சைத் தாடியாக ஒட்டி என்னைக் கிழவராக்கிவிட்டார்கள். வேர்வையில் பஞ்சு வாய்க்குள் போகும். ராணி இடிந்த சுவர்மேல் உட்கார்ந்து, "அங்கன இல்ல, இங்கன நில்லு. இப்ப அவனுக்குக் கோவம் வருது, ஆனா காட்டிக்கிற மாட்டான்" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அவளை நடிக்கக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. படம் பார்த்தவள் நடிக்கப் போய்விட்டால் கதையை யார் சொல்வது?

கடைசிச் சண்டை என்று குறித்திருந்த நாளில் ராணி சுவரிலிருந்து இறங்கி வந்து சாமுவிடம் கையை நீட்டினாள்.

"துணியக் குடு. இத நான்தான் பண்ணணும்."

"நீயா? ஏன்?"

"துணிய அவுத்தா அது பையன் இல்ல. பொண்ணு."

முருகேசன் விழுந்து விழுந்து சிரித்தான். சாமு, "என்ன கத விடுற? போஸ்டர்ல பையன்தான இருக்கான்?" என்றான்.

"அதுக்குத்தான மூஞ்சிய மறச்சிருக்கு. நான் படம் பாத்தேன்ல, எனக்குத் தெரியும்."

அவள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதற்குள் வேறொன்று முந்திக்கொண்டது. இத்தனை நாளும் நான் பஞ்சைத் தின்றுகொண்டு நின்றபோது இதைச் சொல்லாமல், கடைசி நாளில் தனக்கென்று எடுத்துக்கொள்கிறாளே என்கிற பொறாமை. அவள் வீட்டில் ஆடிக்கு ஆடி இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்துபோவார்கள். அந்தத் தெய்வத்தின் பேரைச் சொல்லி அவள் பொய் பேச மாட்டாள் என்பது அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"இருக்கன்குடி மாரியாத்தா மேல சத்தியம் பண்ணு, நீ படம் பாத்தேன்னு" என்றேன்.

ராணி பையன்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நீட்டிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். "அப்ப அம்புட்டும் பொய்யா?" என்று முருகேசன் பின்னாலிருந்து கத்தினான். அவள் திரும்பவில்லை.

மறுநாள் நாங்களாகவே நடித்துப் பார்த்தோம். யார் எங்கிருந்து வருவது, வந்து என்ன பேசுவது என்று தெரியவில்லை. சாமு உதைத்தான், முருகேசன் விழுந்தான், எழுந்தான், திரும்ப உதைத்தான், திரும்ப விழுந்தான். வெயில் ஏறுவதற்குள் சலித்துப் போயிற்று. அதற்கடுத்த இரண்டு மூன்று நாளைப் போல நீளமான பகல்களை நான் கண்டதில்லை. சாமு வாசலுக்கும் கிணற்றுக்குமாக நடந்தான். நான் புத்தகத்தைத் திறந்து அட்டையைப் பார்ப்பேன், மூடுவேன். குடும்ப ஜெபத்தில் அப்பா வாசித்துக்கொண்டிருக்கும்போது என் கால் தானாக ஆடிக்கொண்டிருக்கும். அம்மா தொடையைத் தட்டி நிறுத்துவாள்.

நாலாம் நாள் ராணி வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா, "வா ஜெபா, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்கள். ராணி தரையில் உட்கார்ந்து வெடிக்குக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தாள். பட்டாசுக் கம்பெனியிலிருந்து காகிதம் வரும்; கம்பியில் சுற்றி, பசை தடவி, உருட்டி உருவிப் போட்டால் ஒரு குழாய். அவள் விரல்கள் போன வேகத்தில் எனக்குக் கண் தொடரவில்லை. மலைமேல் காகிதம் உருட்டிய பையன் எங்கிருந்து வந்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

"மாமா கூட நீ போகவே இல்லையா?"

"மாமா விருதுநகர்லயே இல்ல. சாத்தூர்ல இருக்காக."

"அப்ப எப்படி அம்புட்டும் சொன்ன?"

"அட்டை போடும்போது அந்தத் தாளப் பாத்துக்கிட்டே இருந்தேன். பாக்கப் பாக்க வந்துச்சு." கை நிற்காமலே கேட்டாள்: "வேற எந்தச் சாமி மேல கேட்டிருந்தாலும் பண்ணிருப்பேன். அது தெரிஞ்சுதான கேட்ட?"

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். ஆண்டவரிடம் தினமும் மன்னிப்புக் கேட்டுப் பழகியிருந்த எனக்கு, எதிரில் உட்கார்ந்திருக்கிற மனுஷியிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கம்பியை எடுத்து உருட்டினேன். என் குழாய்கள் தொளதொளவென்று வந்தன. ராணி ஒவ்வொன்றையும் பிரித்துத் திரும்ப உருட்டினாள்.

சாமுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன், "அம்புட்டும் அவளே யோசிச்சதா?" என்று மட்டும் கேட்டான். பிறகு சிவப்புத் துணியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று ராணி வீட்டு வாசலில் போய் நின்றான்.

"ஏ ராணி, அது பொண்ணுதான். வா."

அதுவரை ஒருநாளும் நடிக்காதவள், ஓடி வந்து எம்பிய வேகத்தில் முருகேசன் நிஜமாகவே பயந்து பின்னால் விழுந்தான். கருவேல முள் குத்தி அவன் அழுத அழுகைகூடத் தடியனுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. ராணி மூச்சு வாங்க நின்று, முகத்திலிருந்த துணியைத் தானே அவிழ்த்தாள். நாங்கள் கைதட்டவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டு நின்றோம், அவளும் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

படம் முடிந்துவிட்டது. ஆனால் ராணி அதன்பின் எங்களுக்கு ஒரு கதையும் சொல்லவில்லை. எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "நீ சத்தியம் கேப்ப" என்று சிரித்துக்கொண்டே நழுவிவிடுவாள். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

கல்லூரி விடுதித் தொலைக்காட்சியில் ஒருமுறை உண்மையான அந்தப் படத்தைப் பார்த்தேன். கப்பல் இல்லை, காகிதம் இல்லை. முகத்தில் காயம் பட்டதால் துணி கட்டியிருந்தான். கடைசி வரைக்கும் பையன்தான். நல்ல படம் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். வரவேண்டிய ஆள் வராத பஸ் நிறுத்தத்தில் நிற்பது போல முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

இப்போது விருதுநகரில் ஆசிரியையாக இருக்கிறேன். நாங்கள் படம் எடுத்த நிலத்தில் சரக்கு அடுக்கும் கிட்டங்கி எழும்பிவிட்டது. அச்சகங்களில் சினிமாச் சுவரொட்டி அடிப்பது அரிதாகிவிட்டது, பிள்ளைகள் புத்தகத்துக்குக் கடையில் வாங்கிய அட்டைதான். சாமு சென்னையில் இருக்கிறான். கேட்டால், தடியனைத் தான்தான் அடித்ததாகச் சாதிக்கிறான். போன மாதம் என் மகள் கைபேசியைக் காட்டி, அந்தப் பழைய படத்தை இந்தத் தலைமுறைக்காகத் திரும்ப எடுத்திருக்கிறார்கள், இந்தத் தடவை கதாநாயகி, யாருக்கும் தோன்றாத யோசனை என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள் என்றாள். அன்று முழுக்க எனக்கு வகுப்பில் நிலைகொள்ளவில்லை. சாயங்காலம் ராணியைக் கூப்பிட்டேன். சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கிப்ட் பாக்ஸ் கட்டுகிற பெண்களுக்கு அவள்தான் பொறுப்பு.

"தீவாளி சீசன் நேரத்துல சினிமாவா?" என்று அலுத்துக்கொண்டவள் ஞாயிற்றுக்கிழமை சிவகாசியில் மத்தியானக் காட்சிக்கு வந்துவிட்டாள். கையைக் கட்டிக்கொண்டு, முதுகை இருக்கையில் சாய்க்காமல் பார்த்தாள். திரையில் அந்தப் பெண் அடி வாங்கிக்கொண்டு அழுதபோது, "இவ அழ மாட்டாளே" என்று முணுமுணுத்தாள். இடைவேளை விளக்குப் போட்டதும் அவளுடைய போன் அடித்தது. நாளைக்கு வரவேண்டிய லாரி இன்றே வந்து நிற்கிறதாம், லோடு ஏற்ற வேண்டும்.

"நான் கெளம்புறேன் ஜெபா. மிச்சத்த நீ பாத்துட்டுச் சொல்லு."

திரும்ப உள்ளே போய் உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கை காலி. ஐந்து நிமிஷம்கூட இருக்க முடியவில்லை. எழுந்து வெளியே வந்து, வெயிலில் பஸ் நிலையம் வரைக்கும் நடந்தே போனேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவளே கூப்பிட்டாள். "என்னாச்சு அவளுக்கு? ஜெயிச்சுட்டாளா?" இடைவேளை வரைக்கும் நடந்ததை முதலில் நினைவுபடுத்தினேன். அதற்கு மேல் நான் பார்த்திருக்கவில்லை. "அவ மலைய விட்டு எறங்கி வாரா. மழை பெய்யுது" என்று தொடங்கினேன். போனில், பின்னால் டேப் கிழிபடும் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. பெட்டி கட்டுகிற பெண்களும் பக்கத்தில் வந்துவிட்டார்கள் போல.

"பெறகு?" என்றாள் ராணி.

அடுத்து என்ன வரும் என்று எனக்கே தெரியாது. சொல்லிக்கொண்டே போனேன்.