சபீராவின் முறை வரும்போது

நேற்று ஸ்ரீவைகுண்டத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று உரசுவதுபோலப் போனது. அந்தப் பச்சைக்காய் வாசம் என்னைப் பிடித்து மூன்றாம் வகுப்புக்குள் தள்ளிவிட்டது. நான் படித்த வகுப்பு இல்லை, பாடம் நடத்திய வகுப்பு. பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி வாழைத்தோட்டம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வேறு எனக்கு.

அங்கே சபீரா என்று ஒரு பிள்ளை. கணக்கெல்லாம் ஒழுங்காகப் போடுவாள். வாசிப்பு நேரம் வந்து, அவள் முறை நெருங்கினால் போதும், பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுவாள், தண்ணீரைத் தட்டிவிடுவாள்.

“டீச்சர், இவ கிள்ளுதா!”

“ஏட்டி, வெளிய போய் நில்லு” என்பேன். அழமாட்டாள். நிம்மதியாகப் போய் நின்று அணிலைப் பார்ப்பாள். தண்டனையை இப்படியும் ரசிப்பார்களா என்று எனக்கு ஒரே எரிச்சல். பெரிய டீச்சரிடம் சொன்னேன்.

“சேட்டைக்காரி, அவ்வளவுதான். நீங்க எதுக்கு மண்டைய உடைக்கிய?” என்றார்.

ஒருநாள், ஏனென்று நினைவில்லை, முதல் பெஞ்சிலிருந்து தொடங்காமல் திடீரென்று அவளை வாசிக்கச் சொன்னேன். சேட்டை செய்ய நேரமே கிடைக்கவில்லை. எழுந்தாள். மழைப் பாடத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால், கையில் விரிந்திருந்தது யானைப் பாடம்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், சொல்லவே கூசுகிறது. அவள் புத்தகத்தை என்மேல் வீசினாள். பிறகு பைய, “டீச்சர், என்னைய வெளிய அனுப்பிருங்க” என்றாள்.

அனுப்பவில்லை. அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வைத்து ‘அ’விலிருந்து தொடங்கினேன். கிள்ளுவது குறைந்தது. ஆனால் அப்போதுதான் தெரிந்தது, முன் பெஞ்சில் வாய் திறக்காமல் இருக்கும் செல்விக்கும் வாசிக்க வராது. கூச்சம் என்று அவள் முறையைத் தாண்டிவிட்டு, நல்ல பிள்ளை என்று மெச்சிக்கொண்டிருந்தேன். ஒருத்தி ஏன் கிள்ளுகிறாள், ஒருத்தி ஏன் கல்லாய் உட்காருகிறாள்? இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் எனக்குப் பிடிபடவில்லை.

சபீரா கொம்பு எழுத்துவரை வந்திருந்தாள். அரைப்பரீட்சை முடிந்ததும் அவள் வாப்பா குடும்பத்தைக் காயல்பட்டினத்துக்குக் கூட்டிப்போய்விட்டார். அங்கே வாசித்தாளா, கிள்ளினாளா, தெரியாது.

அந்தப் பள்ளிக்கூடமும் இப்போது இல்லை. பிள்ளைகள் குறைந்து மூடிவிட்டார்கள். வருகைப் பதிவேடுகளை மூட்டை கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டதாகக் கேள்வி. அவற்றில் சபீரா பெயருக்கு நேரே, நான் வெளியே நிறுத்திய நாளெல்லாம், வகுப்பில் இருந்தாள் என்றுதான் என் கையால் எழுதியிருக்கும்.