கிளைவியாவுக்கு மண் கலந்த காலம்

தொட்டிச் செடிக்கு மண் கலக்கிற வேலையில், செடி பூத்தால் அது வீட்டுக்காரரின் ராசி. பூக்காவிட்டால் மண் கலந்தவனின் கோளாறு. உழைப்பு ஒருவருக்கும் பேர் இன்னொருவருக்கும் போகிற வேலை எதையாவது நீங்கள் பார்த்திருந்தால், நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டத்துப் பங்களா ஒன்றில் தோட்டக்காரனாக இருந்தேன். சுதந்திரம் வந்த கையோடு வெள்ளைக்கார துரை தோட்டத்தை நாகர்கோவில்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார். வராந்தாவில் இருந்த கிளைவியாத் தொட்டிகளும் பங்களாவோடு கைமாறின. அகலமான கரும்பச்சை இலை. நடுவே தண்டு விட்டு, ஆரஞ்சு நிறத்தில் கொத்தாகப் பூக்குமாம். எங்கள் பக்கத்துச் சூட்டுக்கு அது சுலபத்தில் பூக்கவில்லை. புது முதலாளியம்மா செடியைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார்.

சாணி வாசம்

கிளைவியாவின் வேர் விரல் பருமன் இருக்கும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். அதனால் மக்கிய சருகு, ஆற்று மணல், உடைத்த ஓடு, அடுப்புக்கரி, ஊறவைத்து நறுக்கிய கதம்பை என்கிற தேங்காய் மட்டை எல்லாம் சேர்த்து, கடைசியில் பழைய சாணி எருவைச் சலித்துப் போடுவேன். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். நன்றாக மக்கிய எருவில் வாசம் இருக்காது. முதலாளியம்மாவுக்கு மட்டும் இருந்தது. எருவை நிறுத்தினேன், இலை வெளுத்தது. மறுபடி போட்டேன், மூக்கைப் பொத்தினார்.

ஒருநாள் தொட்டிகளை உள்ளே கூடத்தில் வைக்கச் சொன்னார். ஒன்றைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். வாசலிலேயே தடுத்துவிட்டார். "அங்ஙன வையும். உள்ள டிரைவரு கொண்டு வைப்பாரு. தொட்டியில உள்ள நாத்தம் ரெண்டு நாள்ல போயிரும், உம்ம மேல உள்ளது போவாது."

சருகு மூட்டை

ரப்பர் மரத்தடியில் சருகு மக்கி, தேயிலைத் தூள் மாதிரி கிடக்கும். சாக்கில் அள்ளிக்கொண்டு வரும்போது கங்காணி வழியை மறித்தார். ரப்பர் ஷீட் களவு போகிறதாம். நடுரோட்டில் மூட்டையைக் கவிழ்த்துக் கம்பால் கிளறினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற பெண்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். சருகும் இரண்டு மண்புழுவும்தான் இருந்தன. நான் குனிந்து எல்லாவற்றையும் திரும்ப அள்ளினேன். போகலாமா என்று கேட்டேன். "போவும். இண்ணைக்கு ஒண்ணும் இல்ல, அதுக்காவ நீரு கள்ளன் இல்லேண்ணு ஆயிருமா?"

ஒரு பிடி

மண் மாற்றுகிற நாள். செடிகளையெல்லாம் தொட்டியிலிருந்து உருவி, வேரை உதறி, சாக்கின்மேல் கிடத்தியிருந்தேன். அப்போதுதான் வடசேரிக்கு அப்புறம் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து ஆள் வந்தது. அம்மை போய்விட்டாள்.

முதலாளியம்மாவிடம் போய்ச் சொன்னேன். "அடக்கம் இண்ணைக்கேதான், அம்மா. நான் போயிட்டு வாறேன்." அவர் சாக்கைப் பார்த்தார். "செத்தவிய இனி எங்க போவப் போறாவ? வேரு வாடிரும்லா. நட்டு வச்சிட்டுப் போவும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே செடிக்காகப் பதறினார். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. வேலையை விட்டால் வீட்டில் அடுப்பெரியாது. உட்கார்ந்து நட்டேன். சமையற்காரி செல்லம்மாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

பஸ் பிடித்து ஊர் சேர்ந்தபோது குழியை மூடிச் சிலுவையும் நட்டுவிட்டார்கள். என் நகக்கண்ணில் தொட்டிமண் அப்படியே இருந்தது. அக்கா அதைத்தான் முதலில் பார்த்தாள். "நாள் பூரா மண்ணுதானேலே அள்ளுத, அம்மைக்கு ஒரு பிடி போட ஒனக்கு நேரமில்லியா?"

தானாகப் பூத்தது

சில வருஷம் கழித்து, பனிக்காலம் நல்ல குளிராக இருந்த ஒரு வருஷம், செடிகள் ஒன்றாகத் தண்டு விட்டன. கூடம் முழுவதும் விளக்கேற்றினாற்போல் இருந்தது என்று செல்லம்மாள் சொன்னாள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். அழகுதான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

திருவனந்தபுரத்திலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். யார் பராமரிக்கிறது, இவ்வளவு நன்றாக வந்திருக்கிறதே என்று அவர்களில் ஒரு அம்மாள் கேட்டது என் காதில் விழுந்தது. மண்வெட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன். முதலாளியம்மா சிரித்தார். "ஒண்ணும் செய்யல கேட்டேளா, தானாத்தான் பூத்துது. வேலைக்காரங்க கை படாம நான் பாத்துக்கிட்டேன், அவ்வளவுதான்."

பட்டுப்பூ

எங்கள் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த சமயம், முதலாளியின் மகன் பம்பாயிலிருந்து பட்டுத்துணிப் பூக்கள் வாங்கி வந்தான். கிளைவியாவை உருவி வேலியோரம் எறியச் சொல்லி, காலித் தொட்டிகளில் மணலை நிரப்பி அந்தப் பூக்களைக் குத்தி வைத்தான். கலந்து வைத்திருந்த மண் கொல்லையில் குவியலாகக் கிடந்தது. அதை என்ன செய்ய என்று கேட்டேன். அவன் ஒரு பூவை ஊதித் தூசி தட்டிக் காட்டினான். "பாத்தீரா? இனி மண்ணும் வேண்டாம், நீரும் வேண்டாம்."

அதன் பிறகு ஒரு செங்கல் சூளையில் மண் மிதிக்கச் சேர்ந்தேன். அங்கே மண் வெந்தால் போதும், பூக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.