நோபேட் பூசிய மஞ்சள்

ஒருகொடவத்தையில் ஒரு கொன்டெய்னர் யாட்டுக்குப் பக்கத்தில், எதிரும் புதிருமாக இரண்டு டீசல் கராஜ்கள். ஒன்று கொட்டாஞ்சேனை நோபேட்டினுடையது, மற்றது ஷிப்லியினுடையது. இருவருக்கும் ஒரே தொழில். ஜீப்புகளின் டேர்போவில் காற்றைக் கூட்டி, அதற்கு ஏற்றபடி பம்பில் டீசலையும் கூட்டுவார்கள். அளவாகக் கூட்டினால் வண்டி மலையில் இழுக்கும். டீசல் அளவு மீறினால் எஞ்சினில் சூடேறிப் பிஸ்டன் உருகும்.

நோபேட் வேலை தெரியாத ஆள் இல்லை. இருபத்தாறு வருஷ அனுபவம். புகையின் நிறத்தைப் பார்த்தே டீசல் எவ்வளவு போகிறதென்று சொல்லிவிடுவார். ஆனால் ஷிப்லியின் வாசலில் நாலு ஜீப் வரிசையாக நின்றால் அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்காது. பொறாமைதான், அதற்கு மரியாதையான வேறு பெயர் கிடையாது. ஷிப்லி வாய் நிறைய “நோபேட் அண்ணன்” என்று கூப்பிடுவது அதைவிட எரிச்சல்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. டீசல் ஸ்க்ரூவை அளவு பார்த்து இறுக்கியதும், ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு இழுப்பார்கள். பிறகு யாராவது திருப்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். நோபேட் இழுப்பது மனைவி நகத்துக்குப் பூசும் சிவப்புக் கியூடெக்ஸில். ஷிப்லிக்கு மஞ்சள் பெயின்ட். ஒருவர் கோட்டில் மற்றவர் கை வைப்பதில்லை. வைத்தே ஆகவேண்டுமென்றால் முதலில் ஒரு போன் எடுத்துச் சொல்லவேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஷிப்லி ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்த நேரம், வெள்ளவத்தை வக்கீல் மயூரியின் ஜீப் ஃபேன் பெல்ட் கீச்சிட வந்து நின்றது. அவள் ஷிப்லியிடம் வேலை செய்விப்பவள். கராஜ் பூட்டியிருந்ததால் இந்தப் பக்கம் திருப்பினாள். பெல்ட்டை மாற்றச் சொல்லிவிட்டுப் போனும் கையுமாக வெளியே போய்விட்டாள்.

பொனட்டைத் தூக்கியதும் மஞ்சள் கோடு கண்ணில் பட்டது. நோபேட் எஞ்சினை முறுக்கிப் பார்த்தார். சுத்தமான வேலை. காற்றைத் தாராளமாக விட்டு, டீசலைக் கொஞ்சம் பிடித்து வைத்திருந்தான் ஷிப்லி. இது வெள்ளவத்தை முழுக்கக் கரும்புகை கக்கிக்கொண்டு ஓடட்டும், அப்போது தெரியும் ஷிப்லியின் பவிசு என்று ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே திருப்பினார். பழைய கோட்டைச் சுரண்டிவிட்டு, தட்டில் கிடந்த மஞ்சள் பெயின்ட்டால் அதே மாதிரி ஒரு கோடு இழுத்தார்.

திங்கட்கிழமை இருவரும் தேத்தண்ணிக் கடையில் நிற்கும்போது மயூரி வந்து இறங்கினாள். கரும்புகையைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. காற்று தாராளமாக இருந்ததால் கூட்டிய டீசலும் புகையாகாமல் எரிந்திருந்தது.

“ஷிப்லி நானா, கடுகண்ணாவ ஏத்தத்தில மூண்டாவது கியரை மாத்தவே இல்லை. உங்கட கைக்கு என்னவும் குடுக்கலாம். வாற கிழமை நுவரெலியாவுக்குப் போறன்.”

ஷிப்லி விளங்கியும் விளங்காமலும் சிரித்தான். அங்கே நின்ற டிரைவர்மார் இருவர் நோபேட்டின் பழைய வாடிக்கைக்காரர்கள். அவர்களே ஷிப்லியிடம் எப்போது வரலாம் என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். தன் கால் சுற்றுக்கு அவனுக்குப் புகழா? நோபேட்டின் வாய் சும்மா இருக்கவில்லை.

“அது அவன் வச்ச அளவில்ல. வெள்ளிக்கிழமை கால் சுத்து கூட்டினது நான்.”

நெஞ்சு ஒரு கணம் நிமிர்ந்தது. ஷிப்லி போய் அவள் ஜீப்பின் பொனட்டைத் தூக்கி, போன் வெளிச்சத்தில் பம்பைப் பார்த்தான். நீண்ட ஏற்றத்தில் சூடு ஏறும் என்றுதான் டீசலைப் பிடித்து வைத்ததாகவும், இந்த அளவோடு நுவரெலியாவுக்கு ஏறியிருந்தால் பிஸ்டன் உருகியிருக்கும் என்றும் மயூரியிடம் சொன்னான். பிறகு நோபேட்டைப் பார்த்தான்.

“கோடு உடையல்லயே, நோபேட் அண்ணன். அப்ப இந்த மஞ்சள யாரு பூசின?”

மயூரி நோபேட்டின் முகத்தைப் பார்க்காமலே சாவியை ஷிப்லியிடம் நீட்டினாள்.

டிரைவர்மார் இருவரும் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய், தங்கள் ஜீப்புகளின் பொனட்டைத் தூக்கி, சிவப்புக் கோட்டைக் குனிந்து பார்த்தார்கள். பிறகு அவர்களில் ஒருவர் கையைக் காட்டி, அளவைப் பார்க்க ஷிப்லியைக் கூப்பிட்டார்.