அலகுக்கு அஞ்சாதவன்

விஷத்தைக் குடி, வேப்பங்குச்சியைத் தொடாதே! இது எந்த ஊர் வைத்தியம் என்று கேட்பீர்கள். சாட்சாத் நம் மதுரை வைத்தியம்தான்.

சமயநல்லூரில் எனக்கு ஒரு சிநேகிதன் — கருப்பணன், விவசாயி. பல மாதமாக இடப்பக்க வயிற்றில் வீக்கம், ஈறில் ரத்தக் கசிவு. டாக்டர் அவன் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். வெள்ளை அணுக்கள் மிதமிஞ்சிப் பெருகிவிட்டனவாம்; ரத்தத்திலேயே புற்றுநோயாம். மருந்து? பாஷாணம் கலந்த சொட்டு! பல் துலக்க வேப்பங்குச்சி கூடாது, மெல்லிய துணிதான். சவரக் கத்தி கூடவே கூடாது. கீறினால் ரத்தம் லேசில் நிற்காது.

கருப்பணனுக்குத் தாடி வளர்ந்தது. ஏதோ நேர்த்திக்கடன் என்று ஊரார் நினைத்துக்கொண்டார்கள்.

போன செவ்வாய் காலை மூக்கில் ரத்தம். அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பஞ்சு வைத்து அடைத்தும் கசிந்தது.

"ரொம்ப ரத்தம் போயிடுச்சு. யாராவது ரத்தம் கொடுத்தாத்தான் ஆள் தாங்குவார்" என்றார் டாக்டர்.

கருப்பணனின் அண்ணன் பெரியசாமி, வருஷம் தவறாமல் மாரியம்மனுக்குக் கன்னத்தில் அலகு குத்துகிறவன். அவன் ஊசியைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டான்!

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏண்டா, அம்புட்டுப் பெரிய அலகு குத்துறவன், இந்த ஊசிக்கா பயப்படுற?"

"அண்ணே, அங்கன ரத்தம் வராம ஆத்தா பாத்துக்கிடுவா. இங்கன ரத்தம் வரணும்னுல்ல குத்துறாக! எம்புட்டு எடுப்பாகளோ..."

இதற்குப் பதில் உங்களுக்குக் கிடைக்கிறதா?

"தள்ளு, நான் கொடுக்கிறேன்!" என்று சட்டைக் கையை மடித்தேன். டாக்டர் என் விரலிலும் பெரியசாமி விரலிலும் ஒரு சொட்டு எடுத்துச் சோதித்தார். என் ரத்தம் கருப்பணனுக்குச் சேராதாம். பெரியசாமியுடையது சேருமாம்.

பெரியசாமி குழாயடிக்குப் போய்த் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டான். மடியிலிருந்த திருநீற்றைப் பூசிக்கொண்டான். ஈர வேட்டியோடு வந்து கையை நீட்டினான்.

"எடுத்துக்கங்க. என் தம்பி பொழைக்கணும்."

சாயங்காலத்துக்குள் கசிவு நின்றது. நிறுத்தியது பஞ்சா, அண்ணன் ரத்தமா, திருநீறா? டாக்டரைக் கேட்டேன். "இப்போதைக்கு நின்னிருக்கு" என்றார். வியாதி அப்படியேதான் இருக்கிறதாம். சந்தோஷப்படுவதா, கவலைப்படுவதா?

பெரியசாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க துணிஞ்சதப் பாத்துத்தாண்ணே எனக்குத் தைரியமே வந்துச்சு" என்றான்.

என் ரத்தம் சேராது என்று டாக்டர் சொன்னபோது, அப்பாடா என்று நான் விட்ட பெருமூச்சு அவன் காதில் விழவில்லை போலும். நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.