ஊதியவர்கள் உட்காரும் பெஞ்சு

நோயைக் கண்டறியப் போன இடத்தில் ஒருவருடைய நல்ல பெயரைக் கெடுத்துவிட்டு, தெரியாமல் நேர்ந்தது என்று ஒதுங்கிக்கொள்ள முடியுமா? அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சிறு தொழிற்சாலையில் இந்தக் கேள்வி எனக்கு எழுந்தது.

பட்டப்படிப்பு முடித்து, மூச்சுக்காற்றைக் கொண்டு கல்லீரல் பாதிப்பை முன்கூட்டியே அறிய முயலும் ஓர் ஆய்வில் களப்பணியாளராகச் சேர்ந்திருந்தேன். கல்லீரல் நலிந்தால், அது களைய வேண்டிய சில பொருள்கள் இரத்தத்தில் தங்கி, நுரையீரல் வழியே மூச்சில் வெளிப்படும். வெறும் வயிற்றோடு பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருந்து, பிறகு ஒரு பையில் ஊத வேண்டும். பை ஆய்வகத்துக்குப் போகும். ஊசி இல்லை, வலி இல்லை. ஆகவே யாருக்கும் இதனால் தீங்கு வராது என்று நம்பினேன்.

முதல் நாள் காலை ஷிப்டுக்கு முன்பே வந்தவர் ஒரு லேத் ஆபரேட்டர். ஐம்பதை நெருங்கியவர், நூம்பல் ஊர்க்காரர், நெடுநாள் சர்க்கரை நோயாளி. குடிக்காதவர்களுக்கும் கல்லீரலில் கொழுப்பு சேரும் என்ற எங்கள் துண்டறிக்கையைப் படித்துவிட்டு வந்திருந்தார். கேட்டை ஒட்டி ஒரு பெஞ்சு காலியாகக் கிடந்தது. அதில் உட்காரச் சொன்னேன்.

"இங்கியா மேடம்?" என்றார்.

"ஆமாம்" என்றேன். தயங்கி உட்கார்ந்தார்.

ஷிப்டுக்கு வந்த ஒருவர் பைக்கை நிறுத்தினார். "இன்னா அண்ணாத்தே, நீயுமா? மலைக்குப் போய்ட்டு வந்து மாலையக் கழட்டி பத்து நாள் ஆவல!"

"உட்றா, குளிருக்கு ஏத்திக்கினு வந்திருப்பாரு" என்றார் பின்னால் வந்தவர். கேட்டில் நின்ற வரிசையே சிரித்தது. லேத் ஆபரேட்டர் தலை நிமிரவில்லை. பத்து நிமிடம் கழித்து, அத்தனை பேரும் பார்க்கப் பையில் ஊதினார்.

அவர் உள்ளே போன பிறகு செக்யூரிட்டி என்னிடம் விளக்கினார். அங்கே தினமும் கேட்டில் தொழிலாளர்களைக் கருவியில் ஊதச் சொல்வார்கள். குடித்திருப்பது தெரிந்தால், சூப்பர்வைசர் வரும்வரை அந்தப் பெஞ்சில்தான் உட்கார வைப்பார்கள். "அதுல யாரும் சும்மா உக்கார மாட்டாங்க மேடம். கால் கடுத்தாக்கூட நின்னுகினுதான் இருப்பானுங்க."

இரண்டு வாரத்தில் ஆய்வக முடிவு வந்தது; அவர் மூச்சில் கல்லீரல் பாதிப்பின் சாயல் இருந்தது. ஆனால் மூச்சை மட்டும் வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அவருக்கு ஸ்கேன் தேவைப்பட்டது. தொலைபேசியில் சொன்னபோது மறுத்துவிட்டார்.

"லிவருன்னாலே குடின்றானுங்க. பெஞ்சுல வேற உக்காந்தாச்சு. இப்ப ஸ்கேனுக்கு லீவு கேட்டா அவ்ளோதான். என் பொண்ணுக்கு இதே கம்பெனில ஒரு பையனைப் பேசிக்கினு கீறோம் மேடம்."

போகாவிட்டால் கல்லீரல், போனால் மகளின் சம்பந்தம். இரண்டையும் ஒரே தராசில் கொண்டுவந்து வைத்தவள் நான். என்ன செய்தால் சரியாகும் என்று அவரிடமே கேட்டேன்.

"என்னை உக்கார வெச்சீங்க இல்ல, அதே பெஞ்சுல எல்லாரையும் உக்கார வைங்க. மேனேஜர்லேர்ந்து."

மேலாளரிடம் போய்க் கேட்டேன்; ஒருநாள் யோசித்து ஒப்புக்கொண்டார். அடுத்த முகாமில் அவரே முதலில் உட்கார்ந்தார். "சார், நேத்து ஓவரா?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. அவர் முறைக்க முயன்று சிரித்துவிட்டார். அடுத்து செக்யூரிட்டி, பிறகு நான். ஷிப்டு மணி அடிப்பதற்குள் பெஞ்சில் நாலைந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து, இடத்துக்காகச் சண்டை போட்டார்கள். கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த லேத் ஆபரேட்டர் உள்ளே போனார்.

அந்த வாரமே லீவு கேட்டு ஸ்கேனுக்குப் போனார். கல்லீரலில் கொழுப்போடு தழும்பும் விழத் தொடங்கியிருந்தது. இந்த நிலையில் கட்டுப்படுத்தலாம் என்றார் மருத்துவர். பையன் வீட்டார் பேச்சை முறிக்கவில்லை என்று பின்னர் தெரிந்தது.

இப்போது எந்த முகாமிலும் உட்காரும் இடத்தை நான் தேர்ந்தெடுப்பதில்லை. அங்கே வேலை செய்பவர்களைக் கேட்ட பிறகே நாற்காலி போடுகிறோம்.