என்னை நானே புகழ்ந்த ஐந்து கடிதங்கள்

அமீரகத்தின் அல் ஐன் நகரில் போலீஸ்காரர் ஒருவர் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தது அது மூன்றாவது முறை. லேபர் கார்டில் 'பண்ணைத் தொழிலாளி' என்று அரபியில் இருக்கிறது. ஆளோ கண்ணாடியும் சட்டைப்பையில் இரண்டு பேனாவுமாக டாக்ஸியில் உட்கார்ந்திருக்கிறான். கையில் காய்ப்பு இல்லை. "என்ன வேலை?" என்றார். "ஆராய்ச்சி. உப்புத் தண்ணீரில் வளரும் கம்பு." "யார் சாப்பிட?" "ஒட்டகம்." அவர் வெகுநேரம் சிரித்துவிட்டுக் கார்டைத் திருப்பித் தந்தார். பொய் சொன்னாலும் ரசிக்கும்படி சொல்கிறான் என்று நினைத்திருக்க வேண்டும்.

பொய் கார்டில்தான் இருந்தது. பயிர்ப் பெருக்கத்தில் முனைவர் பட்டம் வாங்கியவன் நான். என்னை வேலைக்கு எடுத்த அர்பாபிடம், அதாவது விசா தரும் என் முதலாளியிடம், அப்போது மீதமிருந்தது ஒரே ஒரு தொழிலாளி விசா. "பேருக்குத்தானே, பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்றார்கள். பிறகு என்பது மூன்று வருடமாக வரவில்லை. தொழிலாளி விசாவில் குடும்பத்தை அழைத்துவர முடியாது. மனைவி மலர் கோயம்புத்தூரில் இருந்தாள். நான் கிளம்பும்போது தவழ்ந்துகொண்டிருந்த மகள் ஒருநாள் போனில் என்னை 'அங்கிள்' என்றாள்.

அதற்குப் பிறகுதான் அமெரிக்கா என்ற யோசனை வந்தது. வெயிலையும் உப்பையும் தாங்கும் பயிர் ஆராய்ச்சி தங்கள் நாட்டு நலனுக்குத் தேவை என்று அந்த அரசாங்கம் ஒத்துக்கொண்டால் குடும்பத்தோடு போய்விடலாம். அங்கிருந்த தமிழ் வழக்கறிஞர் ஐந்து பரிந்துரைக் கடிதங்கள் கேட்டார். இதில் ஒரு வழக்கம் உண்டு. பெரியவர்கள் எழுதமாட்டார்கள். நாமே எழுதி அனுப்பினால் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். ஊரில் ஒருநாள் லீவுக்குக்கூட 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்று முடித்துப் பழகிய கை இது. முதல் கடிதத்தில் 'ஓரளவு திறமையானவர்' என்று எழுதினேன். "சார், நீங்க கல்யாணத்துக்குப் பொண்ணு கேக்கலை. கூச்சப்படாம எழுதுங்க" என்று வழக்கறிஞர் மெயில் அனுப்பினார். ஐந்தாவது கடிதத்துக்குள் கூச்சம் முழுசாகத் தெளிந்துவிட்டது. நான் இல்லாவிட்டால் பாலைவன விவசாயமே படுத்துவிடும் என்று எழுதியிருந்தேன்.

நான்கு பேராசிரியர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். ஒருவர் கடிதத்தில் என்னை 'அவள்' என்று ஆங்கிலத்தில் தவறாக அடித்திருந்தேன். அதற்கும் கையெழுத்து வந்திருந்தது. ஐந்தாவது மட்டும் முதலாளி தர வேண்டியது. அர்பாபுக்கு ஆங்கிலம் தெரியாது என்ற தைரியத்தில் நீட்டினேன். அவர் பேனாவை எடுக்கவில்லை. அரசாங்க ஆபீஸ் வேலைகளைப் பார்க்கும் காயல்பட்டினத்து காசிம் அண்ணனைக் கூப்பிட்டு, வரிவரியாக அரபியில் சொல்லச் சொன்னார். நான் தரை விரிப்பின் பூக்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் அர்பாப் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"தம்பி, இதெல்லாம் நெசமான்னு கேக்காரு," என்றார் காசிம் அண்ணன்.

இல்லை என்றால் கடிதம் போச்சு. "ஆமாம்" என்றேன்.

அர்பாப் எனக்குத் தானே காவா என்கிற அரபுக் காப்பியை ஊற்றிக் கொடுத்தார். பிறகு கொஞ்சம் கோபமாகவே பேசினார்.

"இம்புட்டுப் பெரிய ஆளைத் தொழிலாளின்னு எழுதி வச்சிருக்கமேன்னு ஏசுதாரு. என்னையத்தான். நாளைக்கே இஞ்சினியர்னு மாத்தணுமாம். பொண்டாட்டி பிள்ளையளக் கூப்பிட்டுக்கிடச் சொல்லுதாரு."

"கையெழுத்து?"

அதற்கு அர்பாபே எனக்குப் புரியும் மொழியில் பதில் சொன்னார். "அம்ரிகா மாஃபி. கலாஸ்." அமெரிக்கா கிடையாது, அவ்வளவுதான். கடிதத்தை மடித்து என் பேனாக்களுக்குப் பக்கத்தில் செருகிவிட்டார்.

மூன்று மாதத்தில் மலரும் குழந்தையும் வந்தார்கள். விமான நிலையத்தில் மகள் என்னிடம் வர ஒரு மணி நேரம் ஆனது. மலர் ஒருநாள் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "நான் கட்டிக்கிட்டது வேற ஆளுபோல இருக்கே" என்றாள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் மனம் உறுத்தியது. படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள் நான்கு பேர். முழுக்கக் கேட்டு, நம்பி, அதனாலேயே போடாதவர் ஒருவர். இப்போது தினமும் காலையில் வயலுக்கு வந்து, "முஹந்திஸ், கம்பு எப்படி?" என்கிறார். முஹந்திஸ் என்றால் இஞ்சினியர். கடிதத்தில் நான் ஏற்கெனவே ஜெயித்துவிட்ட கம்பு, வயலில் இன்னும் முழங்கால் உயரம் தாண்டவில்லை.

நான்கு கடிதங்களோடும் என் பழைய, புதிய கார்டுகளின் நகலோடும் வழக்கறிஞர் அனுப்பியிருந்த மனுவுக்கு அமெரிக்காவிலிருந்தும் கேள்வி வந்திருக்கிறது. நேற்றுவரை பண்ணைத் தொழிலாளி, இன்று இஞ்சினியர், எது உண்மை? முதலாளியின் கடிதத்தோடு இந்த மாதக் கடைசிக்குள் விளக்கம் தர வேண்டும். கையெழுத்துக்கு இடம் விட்ட கடிதம் இழுப்பறையில் கிடக்கிறது. கிழித்துப் போடவும் இல்லை, மறுபடி போய்க் கேட்கவும் இல்லை. மலர் சந்தையில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வாங்கி வந்திருக்கிறாள். தொட்டியிலேயே இருக்கட்டுமா, தரையில் நட்டுவிடலாமா என்று தினமும் கேட்கிறாள். பயிர் விஷயத்தில் என்னை நானே ஐந்து கடிதங்களில் புகழ்ந்து எழுதிய நான், "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விடுகிறேன்.