கைப்பிடியில் தொங்கிய ஏழு பேர்

என் பெரியம்மா மகள் மருதாயிக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் கஜேந்திரன். இலங்கையில் நிவித்திகலப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், ரப்பர் ஷீட் அடிக்கும் ஸ்டோருக்குப் பொறுப்பான ஸ்டோர் ஐயாவாக இருந்தான். எங்கள் சனத்தில் லோங்ஸ் என்னும் முழுக்கால்சட்டை போட்டு வேலைக்குப் போன முதல் ஆள் இவன்தான் என்று மருதாயி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பாவம், இவனைப் பற்றிச் சொல்ல வேறு என்ன இருந்தது அவளுக்கு?

இவனுக்குச் செத்தவர்கள் என்றால் கொள்ளைப் பிரியம். உயிரோடு இருப்பவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கமாட்டான். செத்த மறுநாளே மைக்கைப் பிடித்துவிடுவான். சொந்த மாமனாரின் கருமாதியில்கூட, கைதட்டுவார்கள் என்று பேச்சை நடுவில் நிறுத்திப் பார்த்தவன்.

2003 பெப்ரவரியில் அமெரிக்க விண்கலமொன்று பூமிக்குத் திரும்பும் வழியில் உடைந்து எரிந்தது. உள்ளே இருந்த ஏழு பேரும் போய்விட்டார்கள். அதில் ஒருத்தி இந்தியாவில் பிறந்தவள். கஜேந்திரனுக்கு அது போதாதா? பேப்பரில் வந்த அந்த ஏழு பேரின் படத்தை வெட்டி, டவுனில் கண்ணாடி போட்டு, ஸ்டோருக்குள்ளேயே கூட்டம் வைத்தான்.

"பொறப்படுறப்பவே ஐஸ் பெட்டி ரெஜிபோம் மாதிரி லேசான துண்டு ஒண்ணு செறகுல அடிச்சிருக்கு. பார்த்தவங்க சொன்னாங்க, பெரியவங்க காதுல வாங்கல" என்றான். "அதுக்கு முந்தி இன்னொரு விண்கலத்துலயும் ஏழு பேரு. குளிர்ல ரப்பர் வளையம் வெறைச்சுப் போயித்தான் செத்தாங்க."

"நம்ம தோட்டத்து ரப்பராங்க ஐயா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சிரிக்காதீங்க! சின்னக் கோளாறுதானேன்னு விடக்கூடாது. இதுதான் நாம படிக்க வேண்டிய பாடம்."

மல்லிகா எழுந்தாள். அதே ஸ்டோரில் வேலை செய்யும் செல்லையாவின் மனைவி, ரோலர் மெசினுக்குள் ரப்பர் ஷீட்டைக் கொடுப்பவள். "அப்ப நம்ம மெசினை நிறுத்துற கைப்பிடியையும் பாருங்கய்யா. இறுகிக் கெடக்கு. தொங்குனாத்தான் எறங்குது. பொங்கலுக்கு முந்தியே சொன்னேன்."

"அஞ்சலி செய்ற எடத்துல கைப்பிடிப் பேச்சா? ஒக்காரு புள்ள."

சொல்லிவிட்டுப் படம் மாட்ட இடம் தேடினான். ஈரச் சுவரில் ஆணி நிற்கவில்லை. அந்தக் கைப்பிடிதான் கண்ணுக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தது. படத்தை அதில் மாட்டி, மாலை போட்டு, ஊதுபத்தி கொளுத்தினான். "முப்பதாம் நாள் காரியம் முடியிற வரைக்கும் யாரும் இதைத் தொடக்கூடாது" என்று உத்தரவும் போட்டான்.

யாரும் தொடவில்லை. தூசு தட்டக்கூட இல்லை.

முப்பது முடியுமுன்னே, ஒரு காலையில், மல்லிகாவின் வலது கை ஷீட்டோடு சேர்ந்து ரோலருக்குள் போனது. அலறினாள். கைப்பிடிக்குப் பாய்ந்த செல்லையா படத்தைக் கண்டதும் ஒரு கணம் நின்றான். இரண்டு கையாலும் எடுத்தான். கீழே வைக்க மனம் வராமல் மேசை எங்கே என்று பார்த்தான். பெண்டாட்டி அலறிக்கொண்டிருக்கும்போதும், மாலை போட்ட படத்தை அவனால் தரையில் போட முடியவில்லை. பிறகு கைப்பிடியில் தொங்கினான். அது இறங்கும்போது மல்லிகாவின் மூன்று விரல்கள் நசுங்கிப் போயிருந்தன.

விசாரிக்க வந்த தோட்ட மேலாளர் தொரையிடம் கஜேந்திரன் சொன்னான்: "எல்லாம் மூடநம்பிக்கைங்க சேர். படத்தைத் தூக்கி எறிஞ்சிட்டு நிறுத்தியிருக்கலாம்." தொடாதே என்று உத்தரவு போட்ட அதே வாய்! கைப்பிடியைச் சரிசெய்யச் சொல்லிவிட்டுத் தொரை போனார். இவன் படத்தைத் தன் அறைக்கு மாற்றினான். அத்தோடு சரி.

மல்லிகா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மறுபடி கூட்டம். மாலையும் கையுமாக நின்றான். "இந்தத் தங்கச்சியோட கை நமக்கெல்லாம் ஒரு பாடம்..."

மல்லிகா அவனைத் தாண்டி நடந்தாள். இடது கையால் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை.

"மாலை வேணாங்கய்யா. எண்ணெ கொண்டாங்க."

"அது நாளைக்கி..."

"அப்ப ஷீட்டும் நாளைக்கித்தான்" என்று மற்றப் பெண்கள் மெசினை விட்டு விலகி வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

வேறு வழியில்லை. மாலையை நாற்காலியில் போட்டுவிட்டு எண்ணெய் டின்னை அவனே தூக்கி வந்தான். உயிரோடு இருப்பவர்களுக்காக அவன் தன் ஆயுளில் செய்த ஒரே காரியம் அதுதான். அதையும் லோங்ஸில் எண்ணெய் பட்டுவிடாமல் எட்டி நின்றுதான் செய்தான்.